நிறைந்தால்தான் ஓடும்: கேம்பர் வண்டியின் கழிவுநீர்த் தொட்டி எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை பிறந்துவிட்டால் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆர்வி என்றும் கேம்பர் என்றும் சொல்லப்படும் அந்த வண்டிக்குள் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாமே உண்டு. அங்கே வேலைக்குப் போய்க் குடியேறிய நம் குடும்பங்களும் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் பார்க்க இதை வாடகைக்கு எடுக்கின்றன; ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவையும் ஏற்றிக்கொள்கின்றன. சாவியைக் கையில் தருவதற்கு முன் வண்டிக்காரர் ஒவ்வொன்றாக விளக்குவார். அடுப்பு, ஜெனரேட்டர், பேட்டரி வரை எல்லோரும் கவனமாகக் கேட்பார்கள். கழிவுநீர்த் தொட்டி என்றதும் கவனம் கலைந்துவிடும். பயணத்தைக் கெடுக்கும் சக்தி அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் அதிகம்.

இந்தத் தொட்டியைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. அது இயங்கும் விதம் எளிமையானது. அதைப் புரிந்துகொண்டால் நாற்றம், அடைப்பு, நிரம்பி வழிவது ஆகிய மூன்று தொல்லைகளும் கிட்டே வராது. தேவையான அறிவு நம் சமையலறையிலேயே இருக்கிறது.

வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

தரைக்கு அடியில் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். முதலாவது நல்ல தண்ணீர்த் தொட்டி. குடிக்க, சமைக்க, குளிக்க இதிலிருந்துதான் 12 வோல்ட் பம்பு தண்ணீரை இழுத்துத் தருகிறது. இரண்டாவது சாம்பல் தொட்டி. பாத்திரம் கழுவிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் இதில் சேரும். மூன்றாவது கறுப்புத் தொட்டி. கழிப்பறையிலிருந்து வருவது மட்டும் இதற்குள் விழும். சில பெரிய வண்டிகளில் சமையலறைக்கென்று தனியாக இன்னொரு சாம்பல் தொட்டியும் இருப்பதுண்டு.

நடுத்தர வண்டிகளில் ஒவ்வொரு தொட்டியும் 30 முதல் 40 காலன் வரை பிடிக்கும். 40 அமெரிக்க காலன் என்பது ஏறக்குறைய 150 லிட்டர். நிறைந்தால் எடை மட்டும் 150 கிலோ. சின்ன வேன்களில் கொள்ளளவு இதைவிடக் குறைவு. ஐரோப்பாவில் 20 லிட்டருக்கும் குறைவாகப் பிடிக்கும் சிறு பெட்டியை வெளியே இழுத்துக் கையால் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டும் முறை பரவலாக இருக்கிறது. இங்கே பேசப்போவது வண்டியோடு சேர்ந்த பெரிய தொட்டியைப் பற்றி.

கறுப்புத் தொட்டியின் அடியிலிருந்து 3 அங்குலக் குழாய் ஒன்று புறப்படும். சாம்பல் தொட்டியின் குழாய் பெரும்பாலும் அதில் பாதி அகலம். இரண்டிலும் தகடு வைத்த வால்வு ஒன்று இருக்கும். கைப்பிடியை வெளியே இழுத்தால் தகடு விலகி வழிவிடும். உள்ளே தள்ளினால் அடைத்துக்கொள்ளும். இரண்டு குழாய்களும் சேர்ந்து ஒரே வாயாக வண்டியின் பக்கவாட்டில் முடியும். அதற்கு ஒரு மூடி. அவ்வளவுதான் அமைப்பு. கழிவை வெளியே தள்ள மோட்டார் எதுவும் கிடையாது. தொட்டியைக் காலி செய்வது புவியீர்ப்பு மட்டுமே. பெரும்பாலான வண்டிகள் இப்படித்தான்.

சோற்றுப்பானை சொல்லும் மூன்று விதிகள்

சோறு வடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெந்த பானைக்கு மூடியை வைத்து மெல்லச் சாய்க்கிறோம். சிறு இடைவெளி வழியே கஞ்சி வடிகிறது. சோறு பானைக்குள்ளேயே நிற்கிறது. வழி சிறியது, ஓட்டம் மெதுவானது. ஆகவே திரவம் போகும், திடம் தங்கும். இது முதல் விதி.

அதே பானையில் ஒட்டிய பருக்கைகள் இருக்க, வாய்வரை தண்ணீர் விட்டு ஒரே வீச்சில் கவிழ்த்தால் பருக்கைகளும் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். நிறையத் தண்ணீர், பெரிய வழி, வேகமான ஓட்டம் என்று மூன்றும் சேர்ந்தால் திடமும் ஓடும். இது இரண்டாம் விதி.

சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் ஊற்றி வைத்த பானை ஒரு அலசலில் சுத்தமாகும். வெறுமனே போட்டுவைத்த பானையில் பருக்கை காய்ந்து இறுகும். அப்புறம் நகத்தால் சுரண்டினாலும் வராது. திரும்பவும் ஊறப்போட்டால்தான் வழிக்கு வரும். இது மூன்றாம் விதி.

சோற்றுப்பானையை இதனோடு சேர்த்துப் பேசுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். திடமும் திரவமும் கலந்து ஒரு பாத்திரத்தில் கிடந்தால் இரண்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் நம் வீட்டில் வேறில்லை. கறுப்புத் தொட்டிக்கான எல்லா நடைமுறையும் இந்த மூன்று விதிகளிலிருந்தே பிறக்கிறது.

வால்வை ஏன் திறந்து வைக்கக்கூடாது?

பல முகாம்களில் வண்டி நிற்கும் இடத்திலேயே கழிவுநீர் இணைப்பு இருக்கும். ஹோஸை மாட்டிவிட்டால் போதும். அங்கேதான் புதியவர்களுக்கு அந்த யோசனை வருகிறது: வால்வைத் திறந்தே விட்டுவிட்டால் எல்லாம் அவ்வப்போது தானாகப் போய்விடுமே, வீட்டைப் போலவே ஆகிவிடுமே!

அது கஞ்சி வடிக்கும் வேலை. ஒவ்வொரு முறை ஃபிளஷ் செய்யும்போதும் வரும் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் நேராக வெளியே வடிந்துவிடும். மலமும் காகிதமும் விழுந்த இடத்திலேயே குவியும். குழாய்க்கு நேர் கீழே விழுவதால் குவியல் கோபுரமாக எழும்பும். பல நாள் கழித்து அது இறுகி, கழிப்பறைக் குழாயின் வாயையே எட்டிவிடும். ஆர்வி வைத்திருப்பவர்கள் இதைப் பிரமிடு என்றே அழைக்கிறார்கள். வண்டிக்கு வரும் கோளாறுகளிலேயே எல்லோரும் அஞ்சுவது இதுதான்.

ஆகவே கறுப்பு வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். தொட்டி குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகுதான் திறக்க வேண்டும். திறக்கும்போது தயங்காமல் ஒரே இழுப்பில் முழுக்கத் திறக்க வேண்டும். மேலே நிற்கும் நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரின் அழுத்தம் 3 அங்குல வழியில் பாயும்போது அடியில் கிடப்பதையும் வாரிக்கொண்டு போகும். பாதிகூட நிறையாமல் தினமும் காலி செய்வது சுத்தம் என்று தோன்றலாம். உண்மையில் அதுதான் அடைப்புக்கு விதை. கிளம்பும் நாளில் தொட்டி நிறையவில்லை என்றால் தண்ணீர் விட்டு நிரப்பிய பிறகு காலி செய்யுங்கள்.

இன்னொரு பழக்கமும் இதே விதியிலிருந்து வருகிறது. காலி செய்து முடித்ததும் கழிப்பறை வழியாகப் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டுவிட வேண்டும். அடித்தட்டு முழுவதும் நனைந்து, அடுத்து விழுவது எதுவும் வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்து ஒட்டாது.

கழிப்பறையில் மறைந்திருக்கும் தடுப்பு

வீட்டுக் கழிப்பறைக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டு. அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. வண்டியில் அந்த வளைவு கிடையாது. காலால் மிதிக்கும் பெடலை அழுத்தினால் கிண்ணத்தின் அடி திறக்கும். நேர் கீழே தொட்டி. பெடலை விட்டதும் அடி மூடிக்கொள்ள, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமும் அதன் மேல் நிற்கும் அந்தச் சிறு தண்ணீரும்தான் உங்களுக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு.

காலையில் பார்க்கும்போது கிண்ணம் வறண்டிருந்தால் ரப்பர் வளையத்தில் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கிறது, அல்லது வளையம் காய்ந்து தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையுறை போட்டுக்கொண்டு வளையத்தைத் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். நாற்றம் வருகிறதென்று தொட்டிக்குள் மருந்து ஊற்றும் முன் இதைப் பாருங்கள்.

தொட்டியிலிருந்து கூரை வரை ஒரு காற்றுக்குழாய் போகிறது. உள்ளே உருவாகும் வாயு அதன் வழியே மேலே போய்விடும்; காலி செய்யும்போது அதே வழியாகத்தான் காற்று உள்ளே வரும். அது அடைபட்டால் தொட்டி திணறித் திணறித்தான் காலியாகும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. குளியலறையின் கூரை விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது பெடலை மிதித்தால், விசிறி வண்டிக்குள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கிறது. அந்த இடத்தை நிரப்பத் தொட்டியின் காற்று கிண்ணம் வழியே மேலே ஏறுகிறது. நாற்றத்தை விரட்டப் போட்ட விசிறியே அதை அழைத்து வருகிறது. ஃபிளஷ் செய்யும் நேரத்தில் விசிறியை நிறுத்துங்கள். கிண்ணம் மூடிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கொண்டு கழுவும் நம் வழக்கம் இந்த இடத்தில் பெரிய நன்மை. தண்ணீர் அதிகம், காகிதம் குறைவு என்பது கறுப்புத் தொட்டி கேட்டு வாங்கும் வரம். ஆனால் தொட்டி அதே அளவுக்குச் சீக்கிரம் நிறையும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காகிதம் பயன்படுத்துபவர்கள் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் விட்டு, நாலைந்து தாள் காகிதத்தைப் போட்டுச் சில விநாடி குலுக்குங்கள். காகிதம் நார் நாராகக் கலைந்து தண்ணீர் கலங்கிப்போனால் அது தொட்டிக்கு ஏற்றது. தாள் தாளாகவே மிதந்தால் அந்த வகை வேண்டாம். ஈரத் துடைப்பான்கள், பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும், பாட்டிலில் ஒரு நாள் முழுக்க ஊறினாலும் துணியாகவே இருக்கும். அவை குப்பைக்கூடைக்குத்தான்.

விளக்குப் பலகை ஏன் பொய் சொல்கிறது?

தொட்டியின் உள்ளே யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதற்காகச் சமையலறைச் சுவரில் ஒரு சின்னப் பலகை வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுசு என்று விளக்குகள் எரியும். காலி செய்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் இன்னும் மூன்றில் இரண்டு என்று காட்டும். ஆர்வி வைத்திருப்பவர்களில் இந்தக் குறை சொல்லாதவர் அபூர்வம்.

அது எப்படி அளக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். தொட்டியின் பக்கச் சுவரில் துளை போட்டு எவர்சில்வர் திருகாணிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அடியில் ஒன்று, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கில் ஒன்று, உச்சியில் ஒன்று. திருகாணியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தலையில் கம்பி கட்டியிருக்கும். கழிவுநீர் மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் உயர்ந்து இரண்டாவது திருகாணியைத் தொட்டதும் அடித்திருகாணிக்கும் அதற்கும் நடுவே மெல்லிய மின்னோட்டம் பாயும். பலகையில் ஒரு விளக்கு எரியும். மூன்றாவதைத் தொட்டால் அடுத்த விளக்கு. பொத்தானை அழுத்தும் நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. எந்நேரமும் பாய்ந்தால் திருகாணி முனை அரித்துப்போகும், பேட்டரியும் வீணாகும்.

இப்போது பானைக்குத் திரும்புவோம். கஞ்சியை வடித்த பிறகும் பானையின் உட்சுவரில் கஞ்சி படிந்து ஒரு வளையம் நிற்கும். தொட்டியிலும் அப்படியே. ஈரக் காகிதம் திருகாணியில் மாட்டித் தொங்கும். மலப்படலம் இரண்டு திருகாணிகளுக்கும் இடையே சுவரில் ஒட்டியிருக்கும். சாம்பல் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும். அந்த ஈரப் படலமும் மின்சாரத்தைக் கடத்தும். பலகைக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீர் அந்த உயரத்தில் நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குள் இருக்கும் சோற்றுக்குத்தான் பொருந்தும். சுவரில் ஒட்டிக் காய்ந்த பருக்கையை எடுத்துப் பதம் பார்த்தால் அது போன வேளையின் கதையைத்தான் சொல்லும்.

பலகை உண்மையே சொன்னாலும் அதற்கு ஒரு எல்லை இருக்கிறது. 150 லிட்டர் தொட்டியில் ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையே 50 லிட்டர் வித்தியாசம். மூன்றில் இரண்டு என்று எரியும் விளக்கு 100 லிட்டரையும் குறிக்கலாம், வழிய இன்னும் கொஞ்சமே இருக்கும் 145 லிட்டரையும் குறிக்கலாம். அதற்குள் எங்கே நிற்கிறோம் என்பது அந்தப் பலகைக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் குறைக்கு மாற்று வந்திருக்கிறது. கனடாவின் கார்னெட் நிறுவனம் செய்யும் சீலெவல் போன்ற கருவிகள் தொட்டிக்குள் எதையும் நுழைப்பதில்லை. நீளமான பட்டை ஒன்றைத் தொட்டியின் வெளிப்பக்கச் சுவரில் செங்குத்தாக ஒட்டிவிடுவார்கள். மின்புலத்துக்குத் தண்ணீர் நடந்துகொள்ளும் விதமும் காற்று நடந்துகொள்ளும் விதமும் வெகுவாக வேறு. மின்காப்பு மாறிலி என்ற அளவில் காற்று 1 என்றால் தண்ணீர் ஏறக்குறைய 80. பிளாஸ்டிக் சுவரின் வழியாகவே பட்டை அந்த வித்தியாசத்தை உணர்ந்து, எந்த உயரம் வரை தண்ணீர் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாகக் காட்டும். உள்ளே மெல்லிய படலம் இருந்தாலும் அது எளிதில் ஏமாறாது. தடித்த கசடு படிந்தால் அதுவும் தடுமாறும். சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது செலவு செய்யத் தகுந்த மாற்றம்.

கணக்கு போடுங்கள்

வாடகை வண்டியில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அங்கே நம்பகமான கருவி உங்கள் மனக்கணக்குதான். நாலு பேர் கொண்ட குடும்பம், 150 லிட்டர் கறுப்புத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் விட்ட தண்ணீர் 15 லிட்டர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 2 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 40 லிட்டர். இரண்டு நாளில் 95 லிட்டர். மூன்றில் இரண்டு பங்கைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. மூன்றாம் நாள் முடிவில் 135 லிட்டர். இனித் தள்ளிப்போட இடமில்லை. ஆக மூன்றாம் நாள் பகலில் காலி செய்ய வேண்டும். கழுவுவதற்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுபவர்கள் ஒரு நாள் முன்னதாகவே திட்டமிடலாம்.

கணக்கு தவறினாலும் தொட்டி முன்கூட்டியே சொல்லிவிடும். கிண்ணத்தைத் திறக்கும்போது களக் களக்கென்று காற்றுக்குமிழி மேலே வந்தால் தண்ணீர் மட்டம் கழிப்பறைக் குழாயை எட்டிவிட்டது, அல்லது கூரைக்குப் போகும் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. இரவாக இருந்தால் டார்ச் அடித்து, பெடலை மெல்ல மிதித்து உள்ளே பாருங்கள். தண்ணீர் பளபளப்பது கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தால் மறுநாள் காலைக்கு விட்டுவைக்காதீர்கள்.

முந்திக்கொள்வது சாம்பல் தொட்டி

புதியவர்கள் பயப்படுவது கறுப்புத் தொட்டியைக் கண்டு. ஆனால் முதலில் நிறைவது சாம்பல் தொட்டி. வண்டியின் ஷவர் நிமிடத்துக்கு ஏழு எட்டு லிட்டர் தள்ளுகிறது. ஒருவர் ஐந்து நிமிடம் குளித்தால் 35 லிட்டருக்கு மேல். நாலு பேர் வரிசையாகக் குளித்தால் ஒரே காலையில் 150 லிட்டர் தொட்டி நிறைந்துவிடும். நிறைந்தது முதலில் தெரிவது ஷவர் தட்டில்தான். வண்டியிலேயே தாழ்வான வடிகால் அது. பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கே மேலெழும்பி வரும்.

உடம்பை நனைத்ததும் ஷவரை மூடி, சோப்புப் போட்டு, திரும்பத் திறந்து அலசினால் ஒருவருக்கு 15 லிட்டரில் முடியும். கப்பல்களில் வேலை செய்பவர்கள் இப்படித்தான் குளிப்பார்கள். வாளியும் குவளையும் வைத்துக் குளித்துப் பழகிய நமக்கு அளவோடு குளிப்பது கஷ்டமே இல்லை.

சாம்பல் தொட்டியின் நாற்றம் பல நேரம் கறுப்புத் தொட்டியின் நாற்றத்தைவிடக் குடலைப் பிரட்டும். காரணம் சாப்பாட்டுத் துணுக்கும் எண்ணெயும். தட்டைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்து மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள். பொரித்த எண்ணெயை ஒருபோதும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். தாளிப்பும் குழம்பும் உள்ள நம் சமையலுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம்; குளிர்ந்ததும் எண்ணெய் சுவரில் படலமாகிச் சென்சாரையும் கெடுக்கும்.

காலி செய்யும் அரை மணி

அமெரிக்காவில் டம்ப் ஸ்டேஷன் என்ற கழிவுநீர் கொட்டும் இடங்கள் முகாம்களிலும் பூங்காக்களிலும் பெரிய பெட்ரோல் பங்குகளிலும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் பலவற்றிலேயே வைத்திருக்கிறார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் வண்டி நிற்கும் இடத்திலேயே கழிவுநீர் இணைப்பு தரும் முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். மற்ற முகாம்களில் தங்குபவர்கள் டம்ப் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். சிமென்ட் தளம், நடுவில் மூடியோடு ஒரு துளை, பக்கத்தில் ஒரு குழாய். அந்தக் குழாய்த் தண்ணீர் குடிக்க உதவாது. உங்கள் குடிநீர் ஹோஸை அதில் மாட்டவே கூடாது.

வண்டியின் வாய் துளைக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வால்வும் மூடியிருப்பதை உறுதி செய்த பிறகே மூடியைத் திருகிக் கழற்றுங்கள். மூடிக்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தால் வால்வுத் தகட்டின் பள்ளத்தில் ஏதோ சிக்கிக் கசிகிறது என்று புரிந்துகொள்ளலாம். 3 அங்குல ஹோஸின் ஒரு முனையை வண்டியில் பொருத்தி, கிளிக் என்று பூட்டும் வரை திருப்புங்கள். மறுமுனையைத் துளைக்குள் நன்றாகச் செருகுங்கள். ஹோஸ் எங்கேயும் மேடேறாமல் சரிவாக இறங்க வேண்டும்.

முதலில் கறுப்பு. கைப்பிடியை முழுக்க இழுங்கள். ஹோஸின் நடுவிலோ முனையிலோ பொருத்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முழங்கை இருந்தால் நடப்பது கண்ணுக்குத் தெரியும். முதல் சில விநாடி அடர்ந்த பழுப்பு நிறத்தில் திமிறிக்கொண்டு ஓடும். அப்புறம் காகிதக் கூழ் கலந்து வெளுக்கும். கடைசியில் மெல்லிய இழையாகிச் சொட்டும். பல வண்டிகளில் தொட்டிக்குள் பீய்ச்சி அலசும் குழாய் உண்டு. அதை ஓடவிட்டால் முழங்கையில் மறுபடி பழுப்பு வரும், படிப்படியாகத் தெளியும். தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசுங்கள். அலசும்போது வால்வை மூடிவிட்டு மறந்துபோவது ஆபத்து. தொட்டி நிரம்பி, கூரை வழியாகவோ கழிப்பறை வழியாகவோ வழியும், தொட்டியே விரியவும் கூடும்.

கறுப்பு வால்வை மூடிய பிறகு சாம்பல் வால்வைத் திறங்கள். சோப்புத் தண்ணீர் அதே ஹோஸ் வழியே ஓடி அதை அலசிவிடும். வரிசையை மாற்றினால் அலசல் முதலிலும் அழுக்கு கடைசியிலும் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறப்பதும் தவறு. ஹோஸில் ஓட்டம் தடைபட்டால் கறுப்பு நீர் சாம்பல் தொட்டிக்குள் ஏறிவிடும். முடிந்ததும் வண்டிப் பக்கத்து முனையை முதலில் கழற்றி, உயர்த்திப் பிடித்து, மிச்சத்தைத் துளைக்குள் வடியவிட்டு ஹோஸை அலசுங்கள். தளத்தில் ஒரு சொட்டு சிந்தியிருந்தாலும் கழுவிவிட்டுத்தான் நகர வேண்டும்.

மருந்தும் மாயமும்

நாற்றத்துக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள். அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குத்தான் அழுகிய முட்டை வாடை. வெயில் ஏற ஏற அவற்றின் வேலையும் வேகமாகும். கடையில் கிடைக்கும் திரவங்களில் ஒரு வகை பாக்டீரியாவைக் கொன்று நாற்றத்தை நிறுத்தும். இன்னொரு வகை நொதிகளையும் நல்ல பாக்டீரியாக்களையும் கொடுத்துக் கழிவைக் கரைக்கும். கொல்லும் வகையில் ஃபார்மால்டிஹைடு கலந்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பல முகாம்களில் கழிவு போய்ச் சேருவது செப்டிக் டேங்குக்கு. அங்கே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களையும் அது கொன்றுவிடும். கலிபோர்னியா மாநிலம் தொட்டி மருந்துகளில் அதைத் தடை செய்திருக்கிறது. ப்ளீச்சும் கூடாது. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் அது மூச்சைப் பாதிக்கும் வாயுவை உண்டாக்கும்.

தொட்டியில் பனிக்கட்டி மூட்டையைப் போட்டு வண்டியை ஓட்டினால் அது உரசிச் சுத்தமாக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும். கசடு இருப்பது அடியில். இரண்டும் சந்திப்பதே இல்லை.

ஏற்கெனவே இறுகிப்போன தொட்டிக்கு மூன்றாம் விதிதான் மருந்து. வால்வை மூடி, முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, நொதித் திரவம் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். நடுவில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டினால் குலுங்கி இளகும். பிறகு ஒரே இழுப்பில் திறந்துவிடுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. கம்பியை விட்டுக் குத்துவது தொட்டியையும் ரப்பர் வளையத்தையும் கிழிக்கும்.

தரையில் விடக்கூடாது

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊருக்குப் பக்கத்தில் லா போசா என்ற பாலைநிலம் இருக்கிறது. வடக்கின் பனிக்குத் தப்பி வரும் வண்டிகள் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே அனுமதிச் சீட்டோடு நீண்ட நாள் தங்கலாம். வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீர் இணைப்பும் இல்லை, கழிவு இணைப்பும் இல்லை. அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் விதிப்படி, தன்னிறைவு வண்டி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் குறைந்தது 10 காலன் பிடிக்கும் கழிவுநீர்த் தொட்டி வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மழையே அபூர்வமான மண்ணில் கொட்டிய கழிவு அடித்துப் போகாது. அடுத்து அங்கே வண்டி நிறுத்துபவரின் காலடியில் கிடக்கும். அத்தனை வண்டிகள் ஒரே நிலத்தில் மாதக்கணக்கில் இருந்தும் அது வாழத் தகுந்த இடமாக நீடிப்பது ஒவ்வொரு தொட்டியும் மூடிய வால்வோடு டம்ப் ஸ்டேஷனுக்குப் போவதால்தான்.

நீங்கள் வண்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் சாவியை வாங்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு தொட்டியும் எத்தனை காலன்? வால்வுக் கைப்பிடிகள் எங்கே, எது கறுப்பு? தொட்டிக்குள் அலசும் குழாய் இருக்கிறதா? போகும் வழியில் டம்ப் ஸ்டேஷன்கள் எங்கெங்கே? ஒரு முறை கைப்பிடியை இழுத்துத் தள்ளியும் பார்த்துவிடுங்கள். வழியில் தண்ணீரைச் சிக்கனம் செய்ய வேண்டிய இடம் குளியலும் பாத்திரமும். கறுப்புத் தொட்டியில் சிக்கனம் கூடாது. வண்டியைத் திருப்பித் தரும்போது தொட்டியை அலசி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுங்கள். அடுத்து அதில் ஏறப்போவதும் ஒரு குடும்பம்தான்.